மில் பஸ்ஸில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை

1

போன வாரம் எங்கள் வார்டுக்கு டோரின் மறுபடியும் வந்து சேர்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனப்பட்டு, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் வருவார். ஊசி போட்டு நீரை இறக்கினால் தேறி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சில வாரங்களில் அதே சக்கர நாற்காலியில் அதே வாசல் வழியாக வருவார். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

"உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதுதான் வந்துவிட்டேன்" என்றார் என்னிடம். அந்த வேடிக்கையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

வார்டின் இளம் டாக்டர் அவருடைய பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, "நீர் மாத்திரை உடம்பில் சரியாக ஏறவில்லை போல. அளவை இரட்டிப்பாக்கிவிடலாமா?" என்று கேட்டார். தவறான யோசனை இல்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான், "எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

நான் கேட்டது சின்னக் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் திண்டுக்கல் வழியாகத்தான் வந்து சேர்ந்தேன். இந்தச் சித்திரையோடு அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில், இதய நோயாளிகள் வார்டில் நான் செவிலியன். என் மனைவி கவிதாவும் இதே மருத்துவமனையில் வேறு வார்டில் இருக்கிறாள். ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "பெரிய ஆஸ்பத்திரியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆண் பிள்ளை நர்ஸ் வேலை பார்க்கிறான் என்று சொல்ல அவருக்கு இன்னும் நாக்கு எழவில்லை. கேட்பவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டால் அவர் மறுப்பதும் இல்லை.

எங்கள் வார்டில் ஸ்கேன் கருவி ஒன்று இருக்கிறது. பெரிய மெஷின் இல்லை. டிவி ரிமோட் அளவு. அதன் வால் கைபேசி மாதிரியான ஒரு திரையில் போய் முடிகிறது. நோயாளியை எங்கேயும் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். கட்டிலிலேயே, விலாவுக்கு இடையில் கொஞ்சம் ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வைத்தால் நுரையீரல் தெரியும். காற்று மட்டும் இருக்கிற நுரையீரல் திரையில் படுக்கைக் கோடுகளாக, அமைதியாக இருக்கும். நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் இறங்கும். மூச்சு விடும்போது அவையும் சேர்ந்து ஆடும். அப்படியே கையைக் கீழே கொண்டுபோய் ஈரலின் ஓரத்தில் வைத்தால், இதயத்துக்குத் திரும்புகிற பெரிய ரத்தக்குழாய் தெரியும். மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால் அது சுருங்க வேண்டும். உடம்பில் நீர் மிஞ்சியிருந்தால் சுருங்காது. நிரம்பிய டியூப் மாதிரி உப்பியே நிற்கும்.

முன்பெல்லாம் கால் வீக்கம் வற்றியதா, மூச்சுச் சத்தம் தெளிந்ததா என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கால் வற்றியிருக்கும், ஆளும் எழுந்து நடப்பார். நுரையீரலில் மட்டும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இப்போது கோடுகள் மறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் வார்டில் பையைக் கட்டச் சொல்கிறோம்.

இந்தக் கருவியைத் தனியாகப் பிடிக்க என்னை அனுமதிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. நான் எடுத்த ஒவ்வொரு படத்தையும் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேன் கைக்கு வந்துவிட்டது. பேச்சுத்தான் வர மறுத்தது. சேர்ந்த புதிதில் வார்டின் மூத்த செவிலி, "அந்தக் கட்டில்காரர் போய்விட்டு வந்தாரா என்று கேள்" என்றார். நான் நேராகப் போய், "எங்கேயாவது போயிருந்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். "இந்த நிலைமையில் நான் எங்கேயப்பா போவேன்?" என்றார் அவர், தன் காலில் இருந்த கட்டைக் காட்டி. சிறுநீர் போனாரா என்பதைத்தான் இந்த ஊரில் அப்படிக் கேட்கிறார்கள். இவர்களுக்கும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிறகு பழகிவிட்டது. இப்போது முன்பின் தெரியாதவர்களின் சிறுநீரைத் தினமும் அளந்து கணினியில் பதிகிறேன். எந்தச் சங்கடமும் இல்லை.

3

எங்கள் வீடு திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், அகரத்தில். அப்பா கொஞ்சம் பூவும் கொஞ்சம் காயும் போடுவார். அம்மா, பஞ்சவர்ணம், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போகிறாள். கருக்கலில் எழுந்து சோறாக்கி, வெஞ்சனம் ஒன்றைக் கிண்டி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவாள். மில் பஸ் அங்கே நிற்கும். அக்கா முத்துலட்சுமி எட்டாவதோடு அதே பஸ்ஸில் ஏறினாள். கல்யாணம் ஆகும்வரை போனாள். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் மட்டும்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துத் தவிர வேறு எழுத்து கிடையாது. அதனால் ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எந்தக் காகிதம் வந்தாலும் "படிச்ச பய பாத்துக்குவான்" என்று என்னிடம் வந்துவிடும். நான் கடல் தாண்டி வந்த பிறகு அந்தக் காகிதங்கள் வாட்ஸப்பில் வருகின்றன.

இங்கே வந்த இரண்டாம் வருஷம், பேத்தியைப் பார்க்க அம்மாவை அழைத்துவர விசாவுக்கு எழுதினேன். கேட்ட காகிதங்கள் எல்லாம் வைத்தேன். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. போனில் படித்துச் சொன்னேன்.

"திரும்பி வரமாட்டேன்னா எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா. "நான் வரலைன்னா பஸ்ஸுல என் சீட்டுல எவளாவது உக்காந்துக்குவாளேடா. அது அவனுக்குத் தெரியாதா?"

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விசாவுக்கு அதை எந்தக் காகிதத்தில் காட்டுவது?

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திண்டுக்கல்லில் பார்த்ததில் இதயத்தின் தசை தளர்ந்திருக்கிறது என்றார்கள். மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, மிஞ்சிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற நீர் மாத்திரை, காலையில் ஒன்று. சீட்டைப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தினமும் போனில் கேட்பேன்: "மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன் போட்டேன்" என்பாள். "நீ சாப்டியா?"

4

என் மகள் இனியா இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அப்பத்தா என்ற சொல் அவள் வாயில் "அப்பட்டா" ஆகிவிடுகிறது. போன வருஷம் பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா கைபேசியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் கீழே இறக்கிவிட்டார். அம்மாவின் பாதம் திரையில் வந்தது.

"அப்பட்டா, வொய் ஆர் யுவர் ஃபீட் ஸோ பிக்?" என்றாள் இனியா.

அம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனால் குழந்தை எதைப் பார்க்கிறது என்று தெரிந்துவிட்டது. சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்லுது பாப்பா?"

"ஒண்ணுமில்ல. காலைக் காட்டும்மா."

"அட, உக்காந்தே இருந்தேன்ல, அதான்."

மறுநாளே மூச்சு முட்டி, மில்லிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது இரண்டாவது தடவை. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை, மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய இடத்தில் பார்க்க வேண்டியிருக்கும், வேலைக்கு இனி அனுப்பாதீர்கள் என்று சொன்னார்களாம். போனில் சொல்லும்போது அப்பாவின் குரல் கம்மிப்போயிருந்தது. "நீ வந்து பாத்தாத்தான் எங்களுக்கு எதுவும் வெளங்கும் அப்பு" என்றார்.

விடுப்பு கேட்பதற்கு இங்கே ஒரு இணையப் பக்கம் உண்டு. நெருங்கிய உறவினருக்கு நோய் என்ற காரணத்தைத் தொட்டால் அவருடைய அஞ்சல் குறியீட்டைக் கேட்டது. அகரத்தின் பின்கோடை அடித்தேன். அது செல்லாது என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு. எங்கள் வீடு இருக்கிற இடம் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் செத்த நேரம் ஆனது. கடைசியில் வார்டு மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் பக்கத்தை மூடிவிட்டு, "நீ கிளம்பு, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

5

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்ல இடம்தான். பெண்கள் வார்டில் அம்மாவுக்குத் துணையாக அக்கா இருந்தாள். அக்காவைத் தொப்பம்பட்டி பக்கம் கட்டிக் கொடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. பேச்சே கொங்குப் பேச்சாக மாறிவிட்டது.

"ஏனுங்க சிஸ்டர், பாட்டில் முடியப்போகுதுங்க" என்று அவள் நர்ஸைக் கூப்பிட, அம்மா கண்ணை மூடியபடியே, "இவ பேசுறதக் கேட்டா எனக்கே இவ யாரு வீட்டுப் பொண்ணுன்னு சந்தேகம் வருது" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

வார்டு டாக்டர் அன்வர் என்னைவிட இளையவர், திண்டுக்கல்காரர்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், சட்டைப் பையில் அதே கருவி. நான் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

"எங்க ஊர்லயும் வந்துருச்சுண்ணே" என்றார் அவர். "என் கைக்காசுல வாங்குனது. ஓசி குடுக்க மாட்டேன்."

தினமும் காலையில் வந்து அம்மாவின் இரண்டு பக்க விலாவிலும் வைத்துப் பார்ப்பார். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். முதல் நாள் எங்கே வைத்தாலும் வெள்ளைக் கோடுகள். பெரிய குழாய் அசையாமல் உப்பி நின்றது. ஊசி ஏற ஏற, மேல்பக்கம் முதலில் தெளிந்தது. பிறகு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். வீட்டில் போடச் சொன்ன அதே மாத்திரை, அதே அளவு. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மறுநாள் பார்த்தால் கோடுகள் இன்னும் குறைந்திருந்தன.

அன்வர் கருவியைத் துடைத்தபடி வராந்தாவுக்கு வந்தார். "மாத்திரை வேலை செய்யுதுண்ணே. உடம்பு ஏத்துக்குது. அப்ப வீட்ல ஏன் வேலை செய்யல?"

"உப்பா இருக்குமோ?"

"கேட்டேன். ஊறுகாய், கருவாடு எல்லாம் விட்டுட்டாங்களாம். அக்காவும் அதான் சொல்றாங்க. மாத்திரையும் தெனம் போடுறேன்ங்கறாங்க." கருவியைத் தூக்கிக் காட்டினார். "இதுல நீர் இருக்கா இல்லையான்னு தெரியுது. ஏன்னு தெரியல. காரணம் கெடைக்கலைன்னா மதுரைக்குத்தான் எழுதணும்."

6

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து சரசு அக்காவும் ஒரு சின்னப் பெண்ணும் வந்தார்கள். ஷிப்டு முடிந்து, தாடிக்கொம்பில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, கழுத்து அட்டைகூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. சரசு அக்கா பல வருஷமாக அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்.

"நல்லா காலை நீட்டிப் படுத்துக்கிட்ட போ" என்றாள் அவள், ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்து. "உன் சீட்டுல ஒருத்தி உக்காந்து வாரா, தெரியுமா?"

"யார்றி அவ?"

"புதுசா சேர்ந்தவ. எந்திரின்னு சொன்னா, ‘அக்கா வரட்டும் எந்திரிக்கிறேன்’ங்குறா. நீ வரமாட்டன்னு எவளோ சொல்லிட்டா போல."

அம்மா கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் இன்னும் சாகலைன்னு சொல்லு."

வெயிலில் வந்தவர்கள் என்று நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். சரசு அக்கா அண்ணாந்து, நிறுத்தாமல், பாட்டில் காலியாகும்வரை குடித்தாள். சின்னப் பெண்ணுக்கு இன்னொரு பாட்டில் திறக்க வேண்டியிருந்தது.

"காலையிலேர்ந்து குடிக்கலையாக்கா?"

"எங்க பஸ்ல எவ தம்பி தண்ணி குடிச்சா?" சரசு அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாக்க நனைக்க ஒரு மொடக்கு. அம்புட்டுதான். பஸ்ஸு அங்கிட்டு இங்கிட்டுச் சுத்தி ஆளேத்திட்டுப் போகும். நடுவுல எங்கன எறங்குறது?"

"மில்லுல பாத்ரூம் இருக்குமே."

"இருக்கு. இல்லைன்னு சொல்லல. மெசினப் பாத்துக்க ஆளு நிறுத்திட்டுப் போகணும். அந்த சூப்பர்வைசர்ட்ட போயி நின்னு கேக்கணும். ‘இப்பத்தானம்மா போன’ம்பான், எல்லாரு முன்னாலயும். அதுக்குக் குடிக்காமயே இருந்துரலாம்."

சின்னப் பெண் சிரித்தாள். "நான் சேந்த அன்னைக்கு பாட்டில் கொண்டு போனேண்ணே. பஞ்சக்காதான் வாங்கி வச்சுக்கிட்டு, ‘எறங்கும்போது தாரேன்’னு சொன்னாங்க."

"சும்மா இருங்கடி" என்றாள் அம்மா. "பய நிக்கிறான்."

குரலில் கோபம் இல்லை. ஆனால் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். சரசு அக்கா ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு பஸ் முழுக்கப் பெண்கள் நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்முன்னே தெரிந்தது. அவர்களுக்கு நடுவில், காலையில் ஒரு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, என் அம்மா.

அன்வரும் நானும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அங்கேயே கட்டிலின்மேல் இருந்தது. அதை அம்மாவின் வாயிலிருந்து வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் அம்மாவிடம் நான் அந்தப் பேச்சைப் பேசியதே இல்லை. எங்கள் வீட்டில் எந்த மகனும் பேசியிருக்க மாட்டான்.

7

மறுநாள் காலையில் அன்வரிடம், "இன்னைக்கு நான் வச்சுப் பாக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கருவியைக் கையில் கொடுத்து, எங்கள் கட்டிலின் மறைப்புத் துணியை இழுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்காவை இட்லி வாங்கக் கீழே அனுப்பியிருந்தேன்.

"நீயா பாக்கப் போற?" என்றாள் அம்மா.

"பாத்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. ஜெல்லு குளுரும். பாத்து வையி."

விலாவில் வைத்தேன். எலும்பு கையில் தட்டியது. இவ்வளவு மெலிந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். கீழ்ப்பக்கத்தில் இன்னும் சில கோடுகள் இருந்தன.

"இதான் நீர்."

உற்றுப் பார்த்தாள். "நம்ம மெசின்ல நூல் எறங்குற மாதிரில்ல இருக்கு."

"ஆமா. இந்த நூலெல்லாம் அறுந்து போகணும்."

"மில்லுல அறுந்தா திட்டு விழும்" என்றாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. திரையையே பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஏம்மா, மாத்திரை போட்டுட்டு மில்லுக்குப் போனா எத்தன தடவ போக வேண்டியிருக்கு?"

விலாவுக்குக் கீழே மூச்சு மட்டும் போய் வந்தது. திரையில் நூல்கள் ஆடின.

"மொத வாரம் போட்டேன்டா" என்றாள் கடைசியில். "பொய் சொல்லல. போட்டுட்டுத்தான் பஸ்ஸு ஏறுனேன். பாதி வழி போறதுக்குள்ள முட்டிக்கிட்டு வந்துருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. டிரைவர் தம்பி நல்லவன், கேட்டதும் நிறுத்திட்டான். எறங்குனா நாலுவழி ரோடு. ஒரு செடி கெடையாது. எதுத்தாப்புல டீக்கடை, ஆம்பளைக நிக்கிறாங்க."

நான் கருவியை எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன்.

"நம்மாளுக எல்லாரும் எறங்கிட்டாளுக. சரசு, அந்தச் சின்னப்புள்ள, எல்லாரும். சேலையப் பிடிச்சுக்கிட்டு என்னையச் சுத்தி நின்னாளுக, வெளிப்பக்கம் பாத்து. நடுவுல நான்." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "இம்புட்டு வயசுல. புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழம மட்டும் போட்டேன். லீவு நாளுல்ல."

"ஏம்மா சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? டாக்டர் சின்னப்பய. அக்காட்ட சொன்னா உன்ட்ட வந்துரும். உன்ட்ட வந்தா மில்லுக்குப் போகாதம்ப." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உன்ட்டப் போயி இத எப்பிடிடா சொல்லுறது."

ஜெல்லைத் துடைத்துவிட்டேன். ஜாக்கெட்டைச் சரி செய்தேன். இங்கே எத்தனையோ அம்மாக்களுக்குச் செய்கிற வேலை.

"வீட்டுக்கு வந்து, சாயங்காலம் போட்டுக்கலாம்மா."

"காலையிலன்னுல்ல சொன்னாங்க?"

"ராத்திரி எந்திரிக்க வேணாம்னுதான் காலையிலன்னு சொல்றது. நீ பஸ்ஸு எறங்குனதும் போட்டா, படுக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். வீட்லதான் இருப்ப. பக்கத்துலயே எல்லாம் இருக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதாம்மா."

இரண்டு தடவை மூச்சு முட்டி வந்திருக்கிறாள். மதுரைக்கு எழுதிக் கொடுக்க இருந்தார்கள். அம்புட்டுதானா என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்வரிடம் சொன்னேன். அவர் சீட்டில் நேரத்தை அடித்துத் திருத்தினார். "நான் கேக்கவே இல்லண்ணே" என்றார். பிறகு, "கேட்டிருந்தாலும் என்கிட்ட சொல்லிருக்க மாட்டாங்க" என்றார். இரண்டும் உண்மை.

8

கோடுகள் முழுதும் மறைந்த பிறகு அனுப்பினார்கள். மதுரை வேண்டாம் என்றார் அன்வர், இப்போதைக்கு. வேலைக்குப் போகலாம், நின்றுகொண்டு செய்கிற வேலையும் தூக்குகிற வேலையும் கூடாது. சரசு அக்கா மில்லில் யாரிடமோ சண்டை போட்டு அம்மாவை நூல் சுற்றிய கோன்களை உட்கார்ந்தபடி கட்டுகிற இடத்துக்கு மாற்றினாள்.

இங்கிலாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "மில்லு வேணாம்மா. வீட்ல இரு."

"நீ அங்க எதுக்குப் போன?" என்றாள்.

"வேலைக்கு."

"நானும் வேலைக்குத்தான போறேன்."

ஒன்றை மட்டும் கேட்டேன். தினமும் மாத்திரை போட்டுவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் பேசினால் பக்கத்தில் அப்பா இருப்பார், அக்கம்பக்கத்தார் இருப்பார்கள். அம்மா யோசித்துவிட்டு, "போட்டுட்டு ஒரு மிஸ்டு கால் விடுறேன். ஒரு ரிங்கு. நீ எடுத்துராத" என்றாள். எடுத்தால் பேச வேண்டிவரும். எடுக்காவிட்டால் அதுவே செய்தி.

வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கடைசி நாள் அன்வர் கருவியை நெஞ்சுக்கு நடுவில் வைத்து இதயத்தையும் காட்டினார். நீர் வற்றியிருந்தது, இதயம் அப்படியேதான் இருந்தது. துணியைப் பிழியக் கையில் வலு இல்லாதவர் பிழிகிற மாதிரி, பாதி பிழிந்து பாதி விட்டது. அன்வரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எப்பிடி ஓடுது?" என்று அம்மா கேட்டாள்.

"ஓடுதும்மா" என்றேன்.

அந்த மாதிரிப் படங்களை நான் தினமும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மாத்திரைகள் சரியாகப் போனால் நல்ல வருஷங்கள் இருக்கின்றன. அதனால்தான் அந்த ஒரு ரிங்.

9

டோரினிடம் நான் கேட்டது இதுதான்: "நீங்கள் எந்தெந்த நாள் வெளியே போவீர்கள்?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து வைத்தார். அவருடைய கணவர் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். நினைவு தப்பிவிட்டது. மத்தியானம் அவருக்கு ஊட்டிவிட இவர் போக வேண்டும். இரண்டு பஸ். நடுவில் இருந்த பொதுக் கழிப்பறையை மூடிவிட்டார்கள்.

"அப்படியானால் எந்தெந்த நாள் மாத்திரை போடவில்லை?"

"எல்லா நாளும்தான்" என்றார். பிறகு மெதுவாக, "அந்த டாக்டர் பெண்ணிடம் சொல்ல வேண்டாமே. நான் சொல்பேச்சுக் கேட்காதவள் என்று நினைப்பாள்" என்றார்.

சொல்லத்தான் வேண்டும் என்றேன். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள் என்றேன். அவர் என் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். சொன்னேன். "நூல் மில்லா? என் அம்மாவும் மில்லில்தான் இருந்தாள். இந்தப் பக்கம் முன்பு எல்லோருக்கும் மில்தான்" என்றார். மாத்திரையின் அளவை யாரும் கூட்டவில்லை. நேரத்தை மாற்றினோம்.

ஊரில் மில் பஸ் வந்து, அம்மா வீட்டுக்குள் நுழையும்போது இங்கே மணி பன்னிரண்டு. அந்த நேரம் நான் ஏதாவது ஒரு கட்டிலின் பக்கத்தில் இருப்பேன். பன்னிரண்டைத் தாண்டினால் என் கவனம் என்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போய்விடும். பெரும்பாலும் தாமதம் ஆகாது.

நேற்று ஆனது. பன்னிரண்டரையும் தாண்டியது. நான் டோரினின் கட்டிலில் இருந்தேன். விலாவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். கோடுகள் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது அவர் ஏதோ வேடிக்கை சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. பஸ் பஞ்சராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரசு அக்கா இருக்கிறாள், ஏதாவது என்றால் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாதி பிழிந்து பாதி விடுகிற அந்தப் படத்தை நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை. கருவியை ஈரலின் ஓரத்துக்கு நகர்த்தினேன். பெரிய குழாய் திரையில் வந்தது.

பையில் கைபேசி ஒரு தடவை அதிர்ந்து நின்றது.

"யாரோ கூப்பிடுகிறார்கள். எடு" என்றார் டோரின்.

"எடுக்கக் கூடாது" என்றேன். "மூச்சை உள்ளே இழுங்கள்."

அவர் இழுத்தார். குழாய் அழகாகச் சுருங்கியது. அதுவரை பிடித்துவைத்திருந்த என் மூச்சை நான் விட்டேன்.